ஜப்பான் வாளின் துரு

ஆயுத பூசைக்கு முதல் நாள் கனகம் பட்டறையில் இருந்த இரும்பையெல்லாம் துலக்கினாள். சம்மட்டி, குறடு, உளி, அரம், தீட்டித் தரச் சொல்லித் தோட்டத்து ஆட்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்த தேயிலைச் செடி வெட்டும் முப்பத்தெட்டுக் கவ்வாத்துக் கத்திகள். புளியும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்து, சாம்பலால் ஒற்றி, ஈரம் போகத் துடைத்து, சாக்கின் மேல் வரிசையாக அடுக்கினாள். ஆசாரி வீட்டில் துருவோடு ஓர் இரும்பைச் சாமி முன்னால் வைப்பது, விருந்தாளிக்கு எச்சில் இலையில் சோறு போடுவது மாதிரி.

கடைசியாகப் பலகை மேல் கிடந்த வாளை எடுத்தாள்.

அது அவர்களுடையது அல்ல. கொழும்பில் இருக்கும் ஒரு துரையுடையது. ஜப்பானுக்குப் போய் அவர் சேர்த்துக்கொண்டு வந்த பதினொரு வாள்களில் ஒன்று. மடுல்சீமையில் இந்த ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை அவருக்குச் சிநேகிதர். ஜப்பான்காரன் ரஷ்யாக்காரனைச் சண்டையில் அடித்ததிலிருந்து துரைமார் மத்தியில் அந்த வாள்களுக்கு ஒரு மவுசு. தன் பங்களாச் சுவரிலும் அப்படி ஒன்று தொங்க வேண்டும் என்று பெரிய துரை ஆசைப்பட்டார். மாதிரிக்காக ஒரு வாளை இரவல் வாங்கி, அச்சு அசலாக ஒன்று செய்யச் சொல்லித் தோட்டத்துக் கொல்லன் நல்லையாவிடம் கொடுத்தார். கனகம் நல்லையாவின் மனைவி. பட்டறையில் துருத்தி ஊதுவது அவள்தான்.

வாளின் அலகில் ஒரு பொட்டுத் துருகூட இல்லை. ஆனால் அளவெடுக்க நல்லையா கைப்பிடியைக் கழற்றி வைத்திருந்தான். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் ஒரு சாண் இரும்பை ஆசாரிமார் வால் என்பார்கள். அந்த வால் முழுக்கக் கருந்துரு. அலகை இப்படிக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிற மனுஷன் உள்ளே இவ்வளவு அழுக்கை விட்டு வைத்திருக்கிறாரே என்று கனகத்துக்கு இருந்தது. அடுத்தவர் பொருள் நம் வீட்டிலிருந்து போகும்போது சுத்தமாகப் போக வேண்டும் என்றும் நினைத்தாள். உட்கார்ந்து தேய்த்தாள். துரு லேசில் விடவில்லை. பொழுது சாயும்போது வால் வெள்ளி மாதிரி இருந்தது. அதற்கும் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, கவ்வாத்துக் கத்திகளுக்குப் பக்கத்தில் கிடத்தினாள்.

நல்லையா அப்போது ஊரில் இல்லை. புதுக் கைப்பிடியில் சுற்றத் திருக்கைத் தோல் வாங்கப் பதுளைக்குப் போயிருந்தான். தச்சர்கள் பலகை தேய்க்கும் அந்தச் சொரசொரப்பான மீன்தோலை மட்டக்களப்பிலிருந்து தருவிப்பவர் பதுளைக் கடைவீதியில் ஸலீம் பாய் ஒருவர்தான். பூசையன்று காலையில் நல்லையா வந்து சேர்ந்தான். கால் கழுவிவிட்டு உள்ளே வந்தவனுடைய பார்வை வரிசையில் ஓடி, வாளில் நின்றது.

“இத யாரு தேய்ச்சது?”

“நான்தாங்க. ரொம்ப மோசமா இருந்திச்சு. அரை நாளு புடிச்சிச்சு.”

நல்லையா திருக்கைத் தோலைக் கீழே வைத்தான். அப்படியே பட்டறைக் கல்லில் உட்கார்ந்தான்.

“அந்தத் துருதான் புள்ள அதோட வயசு.”

கனகத்துக்குப் புரியவில்லை.

“கொழும்புத் துரை கைப்பிடியக் கழட்டினா மொதல்ல பாக்குறதே அதத்தானாம். பெரிய துரை எங்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. எரநூறு வருஷத்துத் துரு. ஜப்பான்காரன் வாள்ல எத வேணாலும் தொடைப்பான், அத மட்டும் தொட மாட்டான். துரு இல்லாட்டி அது நேத்து செஞ்ச வாளு.”

“எங்கிட்டச் சொல்லலையே நீங்க.”

“எரவல் பொருளப் போட்டுத் தேய்ப்பேன்னு நான் கண்டனா?”

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“இப்ப என்ன செய்வாங்க?” என்றாள்.

“அசல வித்துப்புட்டு நகலத் திருப்பிக் குடுக்குறான்னு சொல்லுவாங்க. வேற என்ன சொல்லுவாங்க.”

“நேரா போய் உள்ளதச் சொல்லிருவோம்.”

“போன வருஷம் பங்களாவுல பீங்கான் சாடி ஒடஞ்சதுக்கு அப்புவ ஒரு மாசம் மறியல்ல வச்சாங்க. அவனும் உள்ளதத்தான் சொன்னான்.”

பங்களாச் சமையல்காரனை எல்லோரும் அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சிறையிலிருந்து வந்தபோது அவன் தலை மொட்டையாக இருந்ததைக் கனகம் பார்த்திருக்கிறாள். 

கொழும்புத் துரை வர இன்னும் நான்கு வாரம் இருந்தது. அதற்குள் துருவைத் திரும்ப ஏற்றிவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

நல்லையாவின் வாள் அப்போது ஏறக்குறைய முடிந்திருந்தது. துரையுடைய பழைய குதிரை வண்டியின் வில்பட்டையில் அடித்தது. அதற்கு முன்னால் இரண்டு வாள் வீணாய்ப் போயிருந்தன. மாதிரியைப் பார்த்து அதே வளைவுக்கு அடித்து, காய்ச்சித் தண்ணீரில் இறக்கினால், உள்ளே போன வாள் இன்னும் வளைந்துகொண்டு வெளியே வந்தது. முதுகில் களிமண் பூசியிருந்ததால் வாய்ப்பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்து, இறுகி, நீண்டு, முதுகைப் பின்னால் தள்ளியது. இரண்டாவது முறை விரிசல் விட்டது. மூன்றாவதைக் கிட்டத்தட்ட நேராக அடித்து இறக்கினான். தண்ணீரே அதை வளைத்துக் கொடுத்தது. மாதிரியோடு சேர்த்துப் பிடித்தபோது நகம் நுழைய இடமில்லை. அன்றைக்கு அவன் சோறுகூடச் சாப்பிடாமல் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் புது வாளின் வாலுக்கும் துரு வேண்டியிருந்தது. அதனால் முதலில் அதில் செய்து பார்ப்பது, சரியாக வந்தால் அசலில் கை வைப்பது என்று முடிவானது. உப்பும் மாட்டு மூத்திரமும் கலந்த குழியில் வாலை மட்டும் புதைத்தார்கள். நான்காம் நாள் துரு வந்தது. செங்காவி நிறத்தில், தொட்டால் விரலில் ஒட்டும் துரு.

“இதக் குருடன்கூட நம்ப மாட்டான்,” என்றான் நல்லையா.

கனகம் அன்று முழுக்க யோசித்தாள். இரும்புச் சட்டியில் தேத்தண்ணி வைத்தால் சட்டி கறுத்துப்போகும். தோட்டத்தில் எந்தப் பொம்பிளைக்கும் தெரிந்த விஷயம் அது. தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் கூட்டி அள்ளும் தேயிலைத் தூளை ஒரு படி வாங்கி வந்து, கஷாயமாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுத் துருவின் மேல் ஊற்றினாள். கண் முன்னாலேயே சிவப்பு நீலமாகி, நீலம் கறுப்பாகியது. நல்லையா அவளைத் திரும்பிப் பார்த்தான். பூசைக்குப் பிறகு அன்றுதான் அவளை நேராகப் பார்த்தான்.

உப்பு, சூடு, தேயிலைச் சாயம், மறுபடி உப்பு. பத்து நாள் இதே வேலை. பத்தாம் நாள் முடிவில் வண்டி வில்லின் வால் இருநூறு வருஷம் பழையதாகிவிட்டது.

நாளைக்கு அசலை ஆரம்பிக்கலாம் என்று நல்லையா சொன்ன அன்று மத்தியானம் கிளாக்கர் வீரசிங்கம் குடையும் கையுமாகப் பட்டறைக்கு வந்தார். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

“நல்லையா, கொழும்புத் துரை பதுளைக்கு வந்திட்டாராம். நாளைக்குக் காலமை இஞ்ச நிப்பார். ரெண்டு வாளையும் எட்டு மணிக்குப் பங்களாவுக்குக் கொண்டு வரட்டாம்.”

“இன்னும் ரெண்டு வாரம் இருக்குன்னு சொன்னாங்களே ஐயா.”

“துரைமாருக்கு நீ நாள் பாத்துச் சொல்லப் போறியோ? எட்டு மணி.”

அவர் போன பிறகு இருவரும் அசலின் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓர் இரவில் வருவது செங்காவித் துருதான். அதைக் காட்டிலும் வெள்ளையாகவே விட்டுவிடுவது மேல். நல்லையா பழைய கைப்பிடியைப் பழைய வாளிலும், திருக்கைத் தோல் சுற்றிய புதுக் கைப்பிடியைப் புது வாளிலும் மாட்டி, மூங்கில் ஆணியைத் தட்டி இறக்கினான்.

“இறுக்கிப் போட்டுட்டேன். வழி நடந்து வந்த மனுஷன், நின்ன நிலையில யாரு இதக் கழட்டப் போறா.”

கழற்றினால் முதலில் பார்ப்பதே அதைத்தான் என்று சொன்னவனே அவன். கனகம் அதை ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் மலை முழுக்கப் பனி. ஆளுக்கொரு வாளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினார்கள். நல்லையாவிடம் அசல். கனகத்திடம் நகல். முன்வாசலில் குதிரை கட்டும் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் கிளாக்கர் காத்துக்கொண்டிருந்தார்.

“நீ ஏன் வந்தனி?” என்று கனகத்தைக் கேட்டார்.

“ரெண்டையும் ஒருத்தர் தூக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒரசுமுங்க,” என்றாள்.

வராந்தாவில் மேசை போட்டிருந்தது. பெரிய துரை சிவந்த முகத்தோடு சந்தோஷமாக இருந்தார். கொழும்புத் துரை ஒல்லியான, நரைத்த மனிதர். குனிந்து பார்ப்பதிலேயே முதுகு வளைந்தவர் மாதிரி இருந்தார். நல்லையாவையும் கனகத்தையும் அவர் பார்க்கவில்லை. வாள்களைத்தான் பார்த்தார்.

இரண்டையும் துணியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். வாய்ப்பக்கம் ஓடும் வெள்ளை அலைக்கோட்டை ஒரு சின்னப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பெரிய துரை என்னவோ இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னார். கொழும்புத் துரை தலையை மட்டும் ஆட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு பித்தளைச் சுத்தியலை எடுத்தார். கனகத்தின் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது அது. பழைய கைப்பிடியின் ஆணியை இரண்டு தட்டில் வெளியே தள்ளினார்.

கனகம் நல்லையாவுக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றாள்.

கைப்பிடி கழன்று வந்தது. வால் மேசை மேல் பளபளத்தது. கொழும்புத் துரை அதை விரலால் தடவினார். பிறகு இரண்டாவது வாளை இழுத்து, அதன் ஆணியையும் தட்டினார். புதுக் கைப்பிடிக்குள்ளிருந்து கறுத்த, பழைய வால் வெளியே வந்தது.

அவர் நிமிர்ந்து முதல் முறையாக நல்லையாவைப் பார்த்தார். பேச்சு முழுக்க இங்கிலீஷில் இருந்தாலும் என்ன சொல்கிறார் என்று கனகத்துக்குத் தெரிந்தது. விரல் முதலில் பழைய கைப்பிடியைக் காட்டியது, பிறகு வெள்ளை வாலை, பிறகு புதுக் கைப்பிடியை, பிறகு கறுத்த வாலை, கடைசியாக நல்லையாவை.

பெரிய துரையின் முகத்தில் சந்தோஷம் வற்றிவிட்டது.

“நல்லையா,” என்றார், தோட்டத்துத் தமிழில். “நீ துரை வாள் கைப்பிடி மாத்திப் போட்டது. அசல் நீ வச்சுக்கப் பாத்தது. ஆமாவா?”

“இல்லீங்க துரை. பழைய கைப்பிடியில இருக்குறதுதான் அசலு.”

“பொய் பேசாத. துரு எங்க?”

நல்லையா வாயைத் திறந்தான். ‘என் பெண்சாதி தேய்த்துவிட்டாள்’ என்ற மூன்று சொல் அவனுக்கு வரவில்லை. அவளை மாட்டிவிட அவனுக்கு மனமில்லை. அந்தத் தயக்கம் பார்க்கிறவர்களுக்குக் களவு மாதிரியே இருந்தது.

“கிளாக்கர்,” என்றார் பெரிய துரை. “பொலிசுக்கு ஆள் அனுப்பு.”

அதற்குள் கொழும்புத் துரை வெள்ளை வாலுள்ள வாளை எடுத்திருந்தார்.  வெறும் இரும்பை வாலோடு பிடித்துக்கொண்டு வராந்தாப் படியில் இறங்கி, குதிரை கட்டும் தூணை நோக்கி வேகமாக நடந்தார்.

“என்ன செய்யப் போறாருங்க?” என்று கனகம் கேட்டாள்.

“உடைக்கப் போறார்,” என்றார் கிளாக்கர். “கள்ள வாள் எப்பிடி உடையுமெண்டு உன்ர மனுசனுக்குக் காட்டப் போறாராம்.”

கனகம் யோசித்துச் செய்யவில்லை. படியில் இறங்கி ஓடி, தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரும்பு சில்லென்று கன்னத்தில் பட்டது. தலைக்கு மேலே வாள் நின்றது. அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“இது உங்க வாளுங்க,” என்றாள். “நான்தான் துலக்கினேன். ஆயுத பூசைக்கு. அவருக்கு ஒண்ணும் தெரியாது, அவரு ஊர்லயே இல்ல.”

கொழும்புத் துரை என்னவோ கத்தினார். கிளாக்கர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“விடு தூணை. விசரே உனக்கு?”

“மொதல்ல அவருகிட்டச் சொல்லுங்க ஐயா. துருவோட இரும்பச் சாமிக்கு வைக்கக் கூடாதுன்னு தேய்ச்சேன். புளி போட்டு. சொல்லுங்க.”

கிளாக்கர் சொன்னார். சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. கொழும்புத் துரை வாளை இறக்கினார். ஆனால் முகம் இறங்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப மற்ற வாளில இருக்கிற துரு எப்பிடி வந்ததெண்டு கேக்கிறார். இருநூறு வருசத் துருவாம் அது. தனக்குத் தெரியுமாம்.”

நல்லையா இதற்குள் படியிறங்கி வந்திருந்தான். அவன் குரல் தெளிவாக இருந்தது.

“உப்பு, மாட்டு மூத்திரம், தேயிலைச் சாயம். பத்து நாளு. கரிச்சுக்கிட்டு இருக்கும் ஐயா. நம்பாட்டி நாக்குல வச்சுப் பாக்கச் சொல்லுங்க.”

“துரையை நக்கிப் பாக்கச் சொல்லுறியோ?”

“உப்பு எங்கயும் போயிருக்காது.”

கிளாக்கர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். வானத்தைப் பார்த்தார். பிறகு, கீழே விழப்போகிற பொருளைப் பிடித்து வைப்பவர் மாதிரி, மெதுவாக இங்கிலீஷில் சொன்னார்.

பெரிய துரை வராந்தாவில் எழுந்து நின்றார்.  கனகம் இன்னும் தூணை விடவில்லை.

கொழும்புத் துரை படியேறி மேசைக்குப் போனார். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் தலை குனிவதை மட்டும் கனகம் பார்த்தாள். கை மேலே போனது.  பிறகு தோள் லேசாகக் குலுங்கியது, கசப்பு மருந்தைக் குடித்தவனுக்குக் குலுங்குவது போல. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார்.

திரும்பும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. பெரிய துரை ஏதோ கேட்டார். அவர் இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிட்டு, கைப்பிடிகளைத் தானே மாட்ட ஆரம்பித்தார். வெள்ளை வாலுக்குப் பழைய கைப்பிடி. கறுத்த வாலுக்குப் புதுக் கைப்பிடி. ஆணிகளைத் தட்டினார். இரண்டு வாளையும் ஒரே துணியில் சேர்த்துச் சுற்றினார். நடுவில் ஒரு மடிப்பு வைத்து, ஒன்றோடொன்று உரசாமல்.

பெரிய துரை மறுபடி கேட்டார். இந்த முறை கொஞ்சம் சத்தமாக. கொழும்புத் துரை பதில் சொல்லாமல் சுருட்டுப் பற்றவைத்தார். பெரிய துரை கையை விரித்து, காலியாக இருந்த சுவரைப் பார்த்தார். பிறகு கிளாக்கரிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிளாக்கர் அவர்களைக் பங்களாக் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார்.

“ரெண்டையும் கொண்டு போறாராம். பொலிஸ் வேண்டாமாம். போங்கோ.”

“அசலு எதுன்னு துரைக்குத் தெரிஞ்சிருச்சா ஐயா?” என்று நல்லையா கேட்டான்.

“தெரியாமலோ கைப்பிடியைச் சரியா மாட்டினவர்?”

“பெரிய துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“கள்ளன் எண்டு கத்தின வாயால அதைச் சொல்லேலுமோ? உனக்கு மறியல் இல்லை எண்டு சந்தோசப்படு.” குடையை விரித்தார். நாலடி போய்த் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார். “இஞ்ச பார். மாட்டு விசயத்தை நான் அவருக்குச் சொல்லேல்லை. நீங்களும் எங்கையும் சொல்லிப்போடாதேயுங்கோ.”

அவர் ஆபீஸ் பக்கம் திரும்பி மறைந்தார். நல்லையாவும் கனகமும் தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்கு வழியில் நடந்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். வளைவு தாண்டியதும் நல்லையா பங்களாப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அது என் கையில இனி இல்ல,” என்றான். “போகுது கொழும்புக்கு.”

அசலைச் சொல்கிறானா, தன் வாளைச் சொல்கிறானா என்று கனகம் கேட்கவில்லை.  பாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் இருங்க. உக்காந்துட்டுப் போவோம்.”

நல்லையா நின்றான். வெறுங்கையோடு நின்றான். பிறகு அவளுக்குப் பக்கத்தில், ஈரக்கல்லில், அவனும் உட்கார்ந்தான்.

“தூணைப் புடிச்சியே,” என்றான். “அவரு நிறுத்தாம இருந்திருந்தா?”

“நிறுத்துவாருன்னு நெனச்சுப் புடிக்கலைங்க,” என்றாள் கனகம்.